பத்து மீட்டருக்கு முப்பத்திரண்டு மடங்கு

வீணை இல்லீங்க. கீபோர்டும் இல்ல. கரூர்ல ஏறுனதுலேருந்து இந்தப் பெட்டியவே பாத்துட்டு வர்றீங்க, கேக்கறதுக்குச் சங்கோஜப்படறீங்க, நானே சொல்லிப்போடறேன். துப்பாக்கிங்க. அட, உக்காருங்க, உக்காருங்க! எங்க எந்திரிக்கறீங்க? காத்துத் துப்பாக்கி. ஏர் ரைபிள். லைசென்ஸெல்லாம் வேண்டாம். பத்து மீட்டர் தள்ளி ஒரு வட்டத்த வெச்சுச் சுடற வெளையாட்டு, அவ்வளவுதான்.

நான் சுடறதில்லீங்க. என்ற புள்ள. அதா, முன்னால நீல டீசர்ட்டு போட்டுட்டு, காதுல ஒயர மாட்டீட்டு உக்காந்திருக்குதே, அதுதான். பேரு தர்ஷிகா. பதினொண்ணாவது படிக்குது. பக்கத்துல கண்ணாடி போட்டிருக்கறது கோச்சு. ஜெசிந்தா மேடம். அந்தம்மாவப் பத்தி அப்பறம் சொல்றேன், இப்ப ஆரம்பிச்சா பஸ்ஸுன்னுகூடப் பாக்க மாட்டேன்.

அப்பன் இங்க, புள்ள அங்க. ஏன்னு கேளுங்க. பேச மாட்டேங்குதுங்க! காத்தாலேருந்து ஒரு வார்த்தை இல்ல. திருச்சில பஸ் ஏறும்போது பக்கத்துல துண்டு போட்டு எடம் புடிச்சு வெச்சேன், நேரா போயி மேடம் பக்கத்துல உக்காந்துக்குச்சு. குளித்தலைகிட்ட எந்திரிச்சுப் போயித் தண்ணி வேணுமான்னு கேட்டேன். தலையத்தான் ஆட்டுச்சு. தோத்துப்போன புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா ஒரு நாயம். இது ஜெயிச்ச புள்ளைங்க. இன்னைக்குக் காத்தால ஜெயிச்சுது. ஸ்டேட்டுல மூணாவது. அடுத்தது சவுத் ஜோனுக்குப் போவுது. ஜெயிச்சுப்போட்டு அப்பன்கிட்டப் பேசாம வர்ற புள்ளைய நீங்க எங்காச்சும் பாத்திருக்கறீங்களா?

நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க. முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.

எனக்குத் தொழிலு சிசிடிவிங்க. பல்லடத்துல கழுகு சிசிடிவின்னு போர்டு பாத்திருப்பீங்க, அது நம்ம கடைதான். சென்னியப்பன்னு கேட்டா எல்லாத்துக்கும் தெரியும். கோழிப்பண்ணை, தறிக்குடோன், பள்ளிக்கூடம், கண்ணால மண்டபம், எல்லாத்துக்கும் நம்ம கேமராதான். எதுக்குச் சொல்றேன்னா, லென்ஸுன்னா என்ன, ஜூம்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தரோணும்னு இல்ல. அரை கிலோமீட்டர் தள்ளி நிக்கற வண்டி நம்பர இங்கிருந்து படிச்சுக் காட்டுவேன். அப்பிடிப்பட்டவன்கிட்ட வந்து ஓட்டையக் காட்டறானுங்க.

ஓட்டைன்னா சொல்றேன். காங்கயத்துல இதோட பள்ளிக்கூடத்துலயே துப்பாக்கி சுடற எடம் இருக்குதுங்க. ரெண்டு வருசமா அங்க போயிப் பள்ளிக்கூடத்துத் துப்பாக்கில பழகிட்டிருந்துச்சு. நல்லாச் சுடுதுன்னு சொல்லி, இந்த மேடம் என்னைக் கூப்புட்டு, ‘சொந்தமா ஒரு ரைபிள் வாங்கிக் குடுத்தா நல்லாருக்குங்க’ன்னாங்க. நான் யோசிக்கவே இல்ல. ஒத்தைப் புள்ளைங்க. வாங்கறதுன்னா வெளிநாட்டுச் சாமானா வாங்கறதுன்னு, கோயமுத்தூருல மேடம் சொன்ன கடைக்குக் கூட்டீட்டுப் போனேன். ஜெர்மன்காரன் செஞ்சது. கையில எடுத்தாலே வேற மாதிரி இருக்குது. எல்லாஞ் சரி. பெட்டிக்குள்ள ஒரு சின்ன டப்பா. தொறந்தா உள்ள ஒரு உருண்டைச் சாமானு, நடுவுல ஊசி போற ஓட்டை. கடைக்காரன் சொல்றான், ‘இதுதாங்க பீப் சைட்டு. இந்த ஓட்டைல கண்ண வெச்சுத்தான் குறி பாக்கோணும்.’

லென்ஸு?

லென்ஸே கெடையாதாமா. வெறும் ஓட்டை! அத்தன காசு குடுத்து வாங்கற துப்பாக்கிக்கு, எங்க ஊட்டு முன்கதவுல வெச்சிருக்கற ஓட்டைல இருக்கற லென்ஸுகூட இல்லீங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ‘ஏப்பா, நல்ல ஸ்கோப்பா ஒண்ணு எடு’ன்னேன். அவன் என்ன கேக்கறான், ‘எந்த ஈவன்ட்டுக்குங்க?’ ‘மொதப் பரிசு ஈவன்ட்டுக்கு’ன்னேன். கேக்கற பொருளை விக்கறத உட்டுப்போட்டு என்னைக் கேள்வி கேக்கறான். இந்தப் புள்ள என்ற சட்டையப் புடிச்சு இழுக்குது. ‘அப்பா, இதுவே போதும்ப்பா. எல்லாரும் இதுலதாம்ப்பா சுடறாங்க.’ எல்லாரும் பண்றதப் பண்றதுக்கு எதுக்கு நான் சம்பாரிக்கறேன்? சொல்லுங்க.

அன்னைக்கு ஸ்கோப்பு வாங்கல. வாங்கறதுன்னா தெரிஞ்சு வாங்கோணும். கடைல ஆளுகள வேல பாக்க உட்டுப்போட்டு, ஒக்காந்து வீடியோவாப் பாத்தேன். அமெரிக்காக்காரன் ஒருத்தன், தரைல படுத்துட்டு ஒரு மைலு தள்ளி இருக்கற தட்ட டொய்ங்னு அடிக்கறான். அவன் துப்பாக்கி மேல பாத்தீங்கன்னா, எங்கப்பாரு கட்டை டார்ச்சு லைட்டு வெச்சிருந்தாரே, அதவிடப் பெருசா ஒரு ஸ்கோப்பு. ப்ரிசிஷன், ப்ரிசிஷன்னு வார்த்தைக்கு வார்த்தை சொல்றான். நம்ம புள்ள சுடறதும் அதுதானுங்களே. மேடமே சொல்லிருக்கறாங்க, இதுல பத்துக்கு மேல புள்ளி வெச்சு பத்து புள்ளி மூணு, பத்து புள்ளி எட்டுன்னு எண்ணுவாங்கன்னு. அத்தன நுணுக்கமாச் சுடறதுக்கு ஓட்டை வழியாப் பாப்பானா எவனாச்சும்?

முப்பத்திரண்டு மடங்குங்க. மறுபடியும் புள்ளையக் கூட்டீட்டு அதே கடைக்குப் போயி நான் எடுத்த ஸ்கோப்பு அது. எட்டு மடங்குலேருந்து முப்பத்திரண்டு வரைக்கும் திருப்பிக்கலாம். முன்னால கண்ணாடி இத்தன அகலம். கடைக்காரன் மறுபடியும் ஆரம்பிச்சான், ‘பத்து மீட்டருக்கு இது தேவையாங்க?’ன்னு. ‘எனக்குத் தேவை, நீ பில்லப் போடு’ன்னேன். அந்த ஓட்டைச் சாமானத் திருப்பி எடுத்துக்கிட்டு வெலையக் கொறைன்னேன். அவன் அந்த டப்பாவக் கையில வெச்சுட்டுப் புள்ளையப் பாத்தான். புள்ள தரையப் பாத்துச்சு. எடுத்துக்கிட்டான்.

ஊட்டுக்குக் கொண்டாந்து மேல்மாடி ஹாலுல பத்து மீட்டர் அளந்து கோடு போட்டு, எல்லாம் நானே மாட்டுனேன். எங்கூட்டுக்காரி பூங்கொடி ஆரத்தி சுத்தாத கொறைதான். புள்ள கண்ண வெச்சுச்சு. ‘ஒண்ணும் தெரியலப்பா, ஒரே கருப்பா இருக்குது’ங்குது. நான் பாத்தேன், மங்கலா ஏதோ மேகமாட்டத் தெரியுது. அதாவது என்னன்னா, தூரமா இருக்கறதுக்குச் செஞ்ச லென்ஸு பக்கத்துல இருக்கறதக் காட்டாதுங்க. எனக்கு அது தெரியாம இல்ல. அமெரிக்காக்காரன் சொல்லல. சரின்னு போயி, பக்கத்துல இருக்கறதுக்கும் ஃபோகஸ் ஆவற மாதிரி, சைடுல சக்கரம் வெச்ச ஸ்கோப்பா மாத்திக்கிட்டு வந்தேன். இதுவும் முப்பத்திரண்டுதான். அதுல கொறைக்கல.

இப்பப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா வேற சங்கடம். ஸ்கோப்பு ஒசரமாப் போச்சு, கன்னத்த வெச்சா கண்ணு எட்டல. அதுக்குக் கன்னத்துக்கு அண்டக் குடுக்கறதுக்கு ஒரு மெத்தை. மெத்தை வெச்சா துப்பாக்கி ஒருபக்கம் சாயுது. சாயறதக் கண்டுபுடிக்க, கொத்தனாருக வெச்சிருக்கற ரசமட்டமாட்டச் சின்னதா ஒண்ணு இருக்குதுங்க, அது. அப்பறம் கண்ணாடில வெயிலடிச்சா கூசும்னு முன்னால மாட்டற குழாயி. ‘ஹாலுக்குள்ள எப்பிடிப்பா வெயிலடிக்கும்?’னு கேக்குது. ஏன், சன்னலத் தொறந்தா அடிக்காதா?

எல்லாம் மாட்டி முடிச்சு, ‘இப்பப் பாரு சாமி’ன்னேன். நின்னு குறி பாத்துச்சு. பாத்துப்போட்டு டக்குனு கீழ வெச்சிருச்சு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. ‘என்ன?’ன்னேன். ‘அப்பா, என்ற நெஞ்சு துடிக்கறதெல்லாம் தெரியுதுப்பா. துடிக்கத் துடிக்க அந்தக் கோடு குதிக்குது. எனக்குப் பயமா இருக்குது’ங்குது. முப்பத்திரண்டு மடங்குங்க! நெஞ்சு துடிக்கறதக் காட்டுதுன்னா எப்பேர்ப்பட்ட சாமானுன்னு நெனச்சுப் பாருங்க. அதுக்கு எவனாச்சும் அழுவானா? அழுதுச்சுங்க. நான் சொன்னேன், ‘துடிக்கறதப் பாக்காத, நடுவுல இருக்கறதப் பாரு.’ வேற என்ன சொல்றது?

அழுதாலும் நம்ம புள்ளைதானுங்களே. ஆட்டம் நிக்கறதுக்கு வழி தேடுனேன். ரெண்டு காலு வாங்குனேன். துப்பாக்கிக்கு முன்னால மாட்டி ஊணி வெக்கறது. ஊணோணும்னா மேசை வேணும். மேசை போட்டா நாற்காலி வேணும். ஒக்காந்து அடிக்கச் சொன்னேன். அடிச்சுது பாருங்க, பத்து, பத்து, பத்து. ஒரே ஓட்டைல போவுது. ‘போட்டில நின்னுட்டுத்தாம்ப்பா சுடோணும்’னு மொணகுச்சு. ‘அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல பத்து அடிச்சுப் பழகு’ன்னேன். தப்புங்களா?

ஆமா, மேடம் சொன்னாங்க. இல்லைங்கல. ஒரு தடவ பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி, ‘இந்தப் போட்டில ஸ்கோப்ப ஏத்துக்க மாட்டாங்க சார். லென்ஸே வெக்கக் கூடாது. சட்டத்துலயே இருக்குது’ன்னாங்க. நான் கேட்டேன், ‘நல்லாத் தெரியக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்குமா மேடம்? எந்த ஊருல?’ அந்தம்மா ஏதோ பொஸ்தகத்தத் தேடி எடுத்தாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன். எனக்கு நல்லாத் தெரியுங்க, மத்த புள்ளைகளோட அப்பனுக இத வாங்க முடியாது. எல்லாம் ஓட்டையோட நிக்கும்போது ஒரு புள்ள மட்டும் ஸ்கோப்போட நின்னா, வயிறு எரியாதா? அதான் சட்டம், கிட்டம்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். நீங்களா இருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?

அப்பறம் கடைய உட்டுப்போட்டு எப்பப் பாத்தாலும் ஊட்டுல நிக்க முடியுங்களா. மேல்மாடில ஒரு கேமராவ மாட்டுனேன். நம்ம தொழிலு, வெளியவா வாங்கறேன். நல்ல மாடல், மைக்கு, ஸ்பீக்கரு எல்லாம் உண்டு. கடைல ஒக்காந்துட்டே போன்ல பாப்பேன். கண்ணுல வெளக்கெண்ணய ஊத்தீட்டுப் பாப்பேங்க. தோளு எறங்குச்சுன்னா இங்கிருந்தே சொல்லுவேன், ‘அம்மிணி, எடது தோளு.’ மூச்ச உட்டா, ‘மூச்சப் புடி.’ கஷ்டமருங்ககூட ஆச்சரியப்படுவாங்க, எந்த அப்பன் இத்தன பண்ணுவான்னு. ஒரு நாளு பாத்தா போனு இருட்டா இருக்குது. கேமரா போச்சா, நெட்டு போச்சான்னு அடிச்சுப் புடிச்சு ஊட்டுக்கு ஓடுனா, கேமரா மேல ஈரத் துண்டு தொங்குது. ‘காயப்போட்டேன்ப்பா’ங்குது. கொடியில்லையா ஊட்டுல? கொடி இருக்குது, மொட்டை மாடி இருக்குது, கேமரா மேலதான் காயப் போடோணுமா? அப்பவே நான் சுதாரிச்சிருக்கோணும்.

சரி, இன்னைக்கு நாயத்துக்கு வர்றேன். காத்தால திருச்சி போயிச் சேந்தோம். நான் இந்தப் பெட்டியோட, புள்ளையும் மேடமும் வேற பையோட. சுடறதுக்கு முன்னால ஒரு மேசை போட்டு மூணு பேரு உக்காந்திருக்கறாங்க. ஒவ்வொருத்தர் சாமானையும் அளந்து பாத்து உள்ள உடோணும். சுடற சட்டை எத்தன தடிமன், பூட்சு எத்தன வளையுது, எல்லாத்துக்கும் அளவு. நம்ம பெட்டியத் தொறந்ததும் சுத்தி நின்ன புள்ளைகெல்லாம் எட்டிப் பாக்குதுக. எனக்குப் பெருமை தாங்கல. மீசை நரைச்ச ஒருத்தர் ஸ்கோப்பத் தொட்டுப் பாத்தாரு, ரசமட்டத்தத் தொட்டுப் பாத்தாரு, ரெண்டு காலையும் மடக்கி விரிச்சுப் பாத்தாரு. பாத்துப்போட்டு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு, ‘சார், வேட்டைக்குப் போறீங்களா?’

சிரிச்சானுங்க. சுத்தி நின்ன அத்தன பேரும் சிரிச்சானுங்க. என்ற மூக்கு ஒடஞ்சு போச்சு. ‘இது எதையும் வெச்சுட்டு உள்ள போவ முடியாது. இந்தத் துப்பாக்கிக்கு வர்ற பீப் சைட்டு எங்க?’ன்னாரு. நான் என்ன சொல்லுவேன்? கடைக்காரன்கிட்டக் குடுத்து வெலையக் கொறச்சுட்டேன்னா சொல்லுவேன்? இன்னும் கொஞ்ச நேரத்துல புள்ளையக் கூப்புடுவாங்க. ரெண்டு வருசம் பழகுனது. அதோட மூஞ்சிய நான் பாக்கவே இல்ல, பாக்க முடியல.

இப்பத்தான் அந்தம்மா. நல்லாக் கேளுங்க. ஜெசிந்தா மேடம், அதுவரைக்கும் ஓரமா நின்னுட்டிருந்தவங்க, கைப்பையத் தொறக்கறாங்க. உள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவ எடுக்கறாங்க. எந்த டப்பா? நான் கோயமுத்தூருல திருப்பிக் குடுத்த அதே டப்பா! மூடில ஒரு கீறல் இருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம். புள்ள அத வாங்கி, ஸ்கோப்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, அந்த ஓட்டைச் சாமான மாட்டுதுங்க. தேடவே இல்ல, தடவவே இல்ல. சட்டைக்குப் பட்டன் போடறாப்புல மாட்டுது. அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. இது இன்னைக்கு நேத்தைக்குப் பழக்கம் இல்ல.

கேட்டா, கடைக்காரன் அன்னைக்கே மேடத்துக்குப் போன் பண்ணிட்டானாமா. புள்ள பொங்கலுக்கு ஒறம்பரைக குடுத்த காசையெல்லாம் சேத்தி, மிச்சத்த எங்கூட்டுக்காரி போட்டு, திருப்பி வாங்கிட்டாங்களாமா. பள்ளிக்கூடத்துலயும் இதே மாதிரித் துப்பாக்கிதான், அதுல இத மாட்டி தெனமும் நின்னுட்டுச் சுட்டுப் பழகிருக்குது. ஊட்டுக்கு வந்தா எனக்காக மேசைல ஒக்காந்து சுட்டிருக்குது. நான் கேமராவுல பாத்துட்டுத் தோளு எறங்குது, மூச்சு வாங்குதுன்னு சொன்னது பூராவும்... உடுங்க. பூங்கொடிக்குப் போனப் போட்டு நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவ என்ன சொல்றா தெரியுங்களா? ‘உங்ககிட்டச் சொல்றதவிட அது சுலபமா இருந்துச்சு’ங்கறா.

என்ன பேச்சுங்க இது! எங்கிட்டச் சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? சரி, வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். அது வேற விசயம். சொல்லோணுமா இல்லையா? மூணு பொம்பளைகளும் ஒரு கடைக்காரனும் சேந்து, ஊட்டுல இருக்கற ஆம்பளைய முட்டாளாக்கிப் போட்டாங்க. புள்ள துப்பாக்கியத் தூக்கீட்டு உள்ள போவுது. போறப்ப, ‘அப்பா, பின்னாடி வரிசைல உக்காந்துக்குங்க. அங்கிருந்து நல்லாத் தெரியும்’னுச்சு. கடைசியாப் பேசுனது அதுதான்.

உள்ள போலாம்னுதாங்க இருந்தேன். ஆனா அந்த மீசைக்காரன உட்டுப்போட்டு எப்பிடிப் போறது? ‘வேட்டைக்குப் போறீங்களா’ன்னு கேட்டானே, அதுக்கு நாயம் வேண்டாமா? ‘எழுதுன சட்டத்தக் காட்டு’ன்னேன், காட்டுனாரு. ‘எதுக்கு இந்தச் சட்டம்’னேன். ‘இது கண்ணாடிக்கு வெக்கற போட்டி இல்லீங்க, நிக்கறவங்களுக்கு வெக்கற போட்டி’ன்னாரு. நான் உட்டேனா? லென்ஸப் பத்தி அவருக்கு ஆரம்பத்துலேருந்து எடுத்துச் சொன்னேன். அந்தக் காலத்துல லென்ஸு எப்பிடி இருந்துச்சு, இப்ப எப்பிடி, உலகம் எங்க போவுது, நீங்க எங்க நிக்கறீங்கன்னு கேட்டேன். உள்ளிருந்து டக்கு டக்குனு சத்தம் வருது. நான் பேசறேன். அப்பறம் சத்தம் நின்னு போச்சு. கை தட்டறாங்க. நான் இன்னும் பேசறேன். அந்த மனுசன் பதில் சொல்லி மாளாம டீ குடிக்க எந்திரிச்சுப் போயிட்டாரு. ஜெயிச்சேன்னுதான் நெனச்சேன்.

வெளிய ஒரு டிவி வெச்சிருந்தாங்க, அதுல பேரு ஓடுது. தர்ஷிகா சென்னியப்பன், மூணு. அப்பன் பேரும் ஓடுதுங்க, பெருசா. நாலு போட்டோ எடுத்து ஒறம்பரை குரூப்புல போட்டுட்டேன். புள்ள வெளிய வந்துச்சு. ‘பாத்தேன் சாமி, டிவில பாத்தேன்’னு ஓடுனேன். என்னைத் தாண்டிப் போயித் தண்ணிக் கேனுகிட்ட நின்னுக்குச்சு. அந்தம்மா எங்கிட்ட வந்து ஒரு மாதிரியாச் சொல்றாங்க, ‘சார், தர்ஷிகா கடைசிக் குண்டு போட்டுட்டுத் திரும்பிப் பின் வரிசையப் பாத்தா சார். ரெண்டு தடவ பாத்தா.’

பாத்தா என்னங்க? நான் அங்க இல்லைன்னா வேற எங்க இருந்தேன்? சினிமாவுக்கா போயிருந்தேன்? அதுக்காகத்தான வெளிய நின்னு பேசிட்டிருந்தேன்! அதோட சாமான ஒருத்தன் கேவலமாப் பேசறான், அப்பன்காரன் கேட்டுட்டு உள்ள போயி உக்காந்துக்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க. இத்தன நாளா ராத்திரி பகலா யாருக்காக அலைஞ்சேன்? அந்தச் சக்கரம், அந்த மெத்தை, அந்தக் காலு, எல்லாம் எனக்கா? எனக்கு எதுக்குங்க முப்பத்திரண்டு மடங்கு, கோழிப்பண்ணைல நாலு மடங்கே போதும்.

இல்லீங்க, ஸ்கோப்பக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டானாமா. ரெண்டு தடவ மாத்திட்டீங்கங்கறான். நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கறேன். ஸ்கோப்பு வெச்சு, மேசைல ஊணிச் சுடற போட்டியும் ஒலகத்துல எங்கயோ இருக்குதுங்க. நெட்டுல பாத்தேன். இந்தியாவுல இருக்குதான்னு இன்னும் தெரியல. இல்லைன்னா நாமளே ஆரம்பிப்போம், என்ன இப்ப? ஸ்கோப்ப மாத்த முடியாது. வெளையாட்ட மாத்திக்கலாமுல்ல? புள்ளைகிட்ட இன்னும் சொல்லல. அது பேசுனாத்தான சொல்றதுக்கு. நீங்க சிரிக்கறீங்களா? இருமுனீங்களா. சரி.

எந்த ஊரு இது? காங்கயம் வந்துருச்சா. அதுக்குள்ளயா! சித்தெ இருங்க, சித்தெ இருங்க. எந்திரிச்சு வருது பாருங்க. நாஞ் சொல்லல? எத்தன நேரத்துக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கும், என்ற புள்ளைங்க அது.

வா சாமி. என்ன? பெட்டியா? எதுக்கு, கனமா இருக்குது, பல்லடத்துல நானே எறக்கித் தர்றேன். என்ன? இங்கயா? இங்க எதுக்கு எறங்கற? சவுத் ஜோனுக்குக் கேம்ப்பா? யாரு சொன்னா... எங்கிட்டச் சொன்னீங்களா மேடம்? எப்ப? டிவிகிட்ட நிக்கும்போதா? சரி, சொல்லிருப்பீங்க. எத்தன நாளு? பள்ளிக்கூட ஆஸ்டல்லயா? சரி, அதுக்கென்ன, நானும் எறங்கறேன், இரு, பைய எடுக்கறேன். எடத்தப் பாத்துட்டு, கேமரா எங்க வெக்கலாம்னு... ஏன்? யாரு வேண்டாம்னா? மேடம் வேண்டாம்னாங்களா?

சரி.

சரி, புடி. பாத்துப் போ, முனை இடிக்குது. இந்தப் பை? ஸ்கோப்பு, காலு, எல்லாம் இதுலதான் இருக்குது. வேண்டாமா. சரி, வெச்சுக்கறேன். சாப்புட்டயா நீ?

கேட்டீங்களா? காதுல உழுந்துச்சா? ‘மேடம் வர வேண்டாம்னாங்களா’ன்னு கேட்டா, ‘மேடம் சொல்லலப்பா, நாந்தான் சொன்னேன்’ங்குது. எப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க பாருங்க! அந்தப் புள்ளைக்கு இப்பிடியெல்லாம் பேசவே தெரியாதுங்க. பொறந்ததுலேருந்து எங்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. பச்சப் புள்ள மனசக் கெடுத்து வெச்சிருக்கறாங்க. நான் சும்மா உடப் போறதில்ல. நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிக் கேக்கறனா இல்லையா பாருங்க.

எறங்கீட்டாங்களா? வண்டிய எடுக்கறான், எடுத்துட்டான். அவிய அந்தப் பக்கந்தான் நிப்பாங்க, உங்க சன்னலுக்கு நேரா. எனக்கு இங்கிருந்து ஒண்ணுமே தெரியல. ஏனுங்க, சித்தெ எட்டிப் பாத்துச் சொல்லுங்க.

கை காட்டுதுங்களா?